மறவாத அணுக்கள்

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாட்டு மாங்கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தண்டையும், நல்ல சாதி மரம் ஒன்றின் கிளையையும் சிறிது சீவி, சீவிய இடங்கள் பொருந்துமாறு சேர்த்து வைத்துக் கட்டுகிறார்கள். சில வாரங்களில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வேர் ஒரு மரத்தினுடையது. கனி வேறொரு மரத்தினுடையது. கீழே நிற்கும் தண்டு மேலே வந்த கிளையைப் பார்த்து, "நீ அயலான், உனக்கு நீர் தரமாட்டேன்" என்று சொல்வதில்லை.

மனித உடல் அப்படியன்று. தீயில் வெந்து தோலை இழந்த ஒருவருக்கு மற்றொருவரின் தோலை எடுத்து ஒட்டினால், சில நாட்கள் அது உயிரோடு இருக்கும். அதற்குள் இரத்தமும் பாயும். ஒட்டிக்கொண்டது என்று மருத்துவர் மகிழும் வேளையில் அது சிவக்கும், வீங்கும், பிறகு கறுத்து உதிர்ந்துவிடும். இது ஏன் நேர்கிறது? அதைவிட வியப்பான மற்றொரு கேள்வியும் உண்டு. அதே மனிதரின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் அது முன்னையினும் விரைவாக அழிகிறதே, அது ஏன்? இந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பீட்டர் மெடவார் என்னும் இளம் விலங்கியலறிஞர் வாழ்ந்துவந்தார். 1940-ஆம் ஆண்டில் ஒரு நாள், அவர் வீட்டுக்கு அருகே போர் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த விமானி உயிர் தப்பினார். ஆனால் அவர் உடலின் பெரும் பகுதி வெந்துபோயிருந்தது. மூடுவதற்குச் சொந்தத் தோல் போதாது. பிறர் தோலோ நிற்காது. மருத்துவர்கள் மெடவாரிடம் வந்து வழி கேட்டனர். அதுவரை சோதனைக் கூடத்தில் அமைதியாக உயிரணுக்களை ஆராய்ந்துவந்தவரின் வாழ்க்கை அன்று திசை மாறியது.

அவர் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவ மனைக்குச் சென்று, தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து பணியாற்றினார். அங்கே, எரிவாயு அடுப்பின் தீயில் வெந்த இளம்பெண் ஒருத்தி சிகிச்சை பெற்று வந்தாள். அவளது தொடையிலிருந்து சிறு சிறு துணுக்குகளாகத் தோலை எடுத்துப் புண்ணின்மேல் ஒரு பக்கம் பதித்தார்கள். அவளுடைய உடன்பிறந்தானின் தோலிலிருந்தும் அதேபோல் எடுத்து மற்றொரு பக்கம் பதித்தார்கள். சில நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு துணுக்கை எடுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். முதலில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. பிறகு அவளுடைய தோல் பரவி வளர்ந்தது. உடன்பிறந்தானின் தோல் நலியத் தொடங்கியது. வெள்ளையணுக்கள் அதனுள் கூட்டமாகப் புகுந்திருந்தன.

ஏறத்தாழ 15 நாட்கள் கழித்து, உடன்பிறந்தானின் தோலையே மீண்டும் எடுத்துப் பதித்தார்கள். உடலுக்கு நினைவு என்று ஒன்று இல்லாவிட்டால், இந்த இரண்டாம் தொகுதியும் முதல் தொகுதி தாங்கிய அளவு நாட்களாவது தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை. மிக விரைவிலேயே அது சிதைந்தது. உடன்பிறந்தான் இரண்டு முறை வலி பொறுத்துக் கொடுத்ததை, தங்கையின் உடல் இரண்டாம் முறை இன்னும் கடுமையாகத் தள்ளிவிட்டது. அவள் உள்ளம் அறியாத ஒன்றை அவள் உடல் அறிந்துவைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1943-இல் கிப்சனும் மெடவாரும் இதனை எழுதி வெளியிட்டனர். மெடவார் பின்னர் முயல்களைக் கொண்டு இதையே விரிவாகச் சோதித்து உறுதிப்படுத்தினார். முதல் ஒட்டுக்கு உரியவரிடமிருந்தே மீண்டும் தோலை எடுத்தால்தான் இந்த விரைவு. தொடர்பற்ற வேறொருவரின் தோலை ஒட்டினால் அது முதல் முறை போலவே மெல்ல அழியும். ஆகவே உடல் பொதுவாகச் சினம் கொள்ளவில்லை. இன்னாருடையது என்று அடையாளம் வைத்திருக்கிறது.

உடலுக்கு நினைவு உண்டு என்பது அதற்கு முன்பே வேறு வகையில் தெரிந்திருந்தது. வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவியது. ஏறத்தாழ 7,800 மக்களில் 6,000 பேர் வரை படுத்துவிட்டனர். அங்கே சென்ற பானும் என்னும் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். அப்பொழுது நோயுற்றுப் பிழைத்த குழந்தைகள், 65 ஆண்டுகளுக்குப் பின் கிழவர் கிழவிகளாக உயிரோடிருந்தனர். அவர்களுள் ஒருவரையும் நோய் தொடவில்லை! நம்மூரிலும், அம்மை கண்டவருக்கு அந்த அம்மை மறுபடி வராது என்று பாட்டிமார் சொல்வதுண்டு. பானும் கண்டது அதற்கு ஒரு கணக்கைத் தந்தது. ஃபாரோவின் முதியவர்களைக் காத்ததும், கிளாஸ்கோ பெண்ணின் ஒட்டை அழித்ததும் ஒரே ஆற்றல்தான். காவலன் ஒருவனே, வாயிலில் வந்து நிற்பவர் திருடரா விருந்தினரா என்பதில்தான் சிக்கல்.

சரி, நினைவு வைத்திருப்பது எது? இரத்தத்தின் தெளிநீரா, அணுக்களா? 1953-இல் மிட்சிசன் என்பவர் எலிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார். அயல் ஒட்டை ஒரு முறை தள்ளிய எலியின் தெளிநீரைப் புதிய எலிக்குச் செலுத்தினார்; பயன் இல்லை. அதன் நிணநீர்க் கணுக்களிலுள்ள அணுக்களைச் செலுத்தினார். அந்தப் புதிய எலி, தான் ஒருபோதும் கண்டிராத ஒட்டைப் பழகிய பகைபோல் விரைந்து தள்ளியது. நினைவு அணுக்களோடு இடம் பெயர்ந்தது.

அந்த அணுக்கள் யாவை? நிணநீரிலும் இரத்தத்திலும் உருண்டையாய், சிறிதாய், உள்ளே பெரிய கருவும் அதைச் சுற்றி மெல்லிய விளிம்புமாய்த் தோன்றும் லிம்போசைட்டுகள். அக்காலத்தில் பலர் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. முதிர்ந்து வேலை முடிந்து சாகக் காத்திருக்கும் அணுக்கள் என்றே கருதினர். ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் இவற்றைப் பின்தொடர்ந்து, இவை இரத்தத்திலிருந்து நிணநீருக்கும் நிணநீரிலிருந்து இரத்தத்திற்கும் ஓயாமல் சுற்றி வருவதையும், இவற்றை வடித்து எடுத்துவிட்டால் விலங்கு அயற்பொருளை எதிர்க்கும் திறனை இழப்பதையும் காட்டினார். சோம்பேறி என்று ஒதுக்கப்பட்ட அணு, ஓயாத ஊர்க்காவலனாக மாறிவிட்டது! 1961-இல் ஜாக்ஸ் மில்லர், மார்பெலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியின் பங்கைக் கண்டறிந்தார். அங்கே முதிரும் லிம்போசைட்டுகளை இன்று டி அணுக்கள் என்கிறோம். எதிர்ப்பொருள் எனப்படும் புரதத்தை ஆக்கும் மற்றொரு வகைக்குப் பி அணுக்கள் என்று பெயர்.

இனி, ஒரு டி அணு எவ்வாறு கிளர்ந்தெழுகிறது என்று பார்ப்போம். இங்கே நீங்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இந்தப் பேச்சின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது.

நம் உடலின் அணுக்கள் ஏறக்குறைய எல்லாம் தம் மேற்பரப்பில் சில புரதங்களைத் தாங்கி நிற்கின்றன. மனிதரிடம் இவற்றை எச்.எல்.ஏ. என்று குறிப்பர். பாதி தாய்வழி, பாதி தந்தைவழி. இவற்றின் வகைகள் மிகப் பல. ஆதலின் உறவற்ற இருவர் முற்றும் ஒத்திருப்பது அரிது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர் மட்டுமே எல்லா வகையிலும் ஒத்திருப்பர். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-இல் பாஸ்டன் நகரில் ஜோசஃப் மர்ரி செய்த சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றதற்கு அதுவே காரணம்: கொடுத்தவரும் பெற்றவரும் அத்தகைய இரட்டையர். நம் நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவ மனையில் 1971-இல் இச்சிகிச்சை வெற்றி கண்டது.

ஒருபோதும் அயல் எச்.எல்.ஏ.வைக் கண்டிராத டி அணுவைக் கன்னி அணு என்று வைத்துக்கொள்வோம். அது தானாக ஒட்டுக்குள் சென்று போரிடாது. அது நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் மட்டுமே சுற்றிவரும். ஒட்டிலிருந்து கிளைகிளையாய்க் கை நீட்டிய ஓர் அணு புறப்பட்டு, நிணநீர்க் கணுவுக்கு வந்து, அயற்புரதத்தை அதன்முன் நீட்டிக் காட்ட வேண்டும். அதுவும் போதாது. சில கோயில்களில் நகைப் பெட்டகத்துக்கு இரண்டு பூட்டுகள் இருக்கும். ஒரு சாவி தருமகர்த்தாவிடம், மற்றொன்று அலுவலரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். கன்னி அணுவும் அப்படித்தான். அயற்புரதம் முதல் சாவி. அதைக் காட்டும் அணு, ஆபத்து உண்டு என்பதற்கு அடையாளமாகத் தன்மேல் ஏந்தும் வேறொரு புரதம் இரண்டாம் சாவி. இரண்டும் கிடைத்த பிறகே அது பெருகத் தொடங்கும். பெருகி, ஆயுதம் தரித்து, கணுவை விட்டு வெளியேறி, ஒட்டை அடையப் பல நாட்கள் ஆகும்.

போர் முடிந்ததும் அவ்வணுக்களுள் பெரும்பாலானவை மடிந்துவிடும். எஞ்சிய சில, ஆண்டுக் கணக்கில் வாழும். இவையே நினைவணுக்கள். கன்னி அணுவுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கை மட்டுமன்று. இவற்றுக்கு இரண்டாம் சாவி பெரிதும் தேவையில்லை. நிணநீர்க் கணுவில் காத்திருக்க வேண்டியதும் இல்லை; இரத்தத்திலும் உறுப்புகளிலும் தாமே உலவுகின்றன. எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். பிறவியிலேயே நிணநீர்க் கணுக்கள் அமையாத ஒரு வகை எலி உண்டு. அதன் மண்ணீரலையும் அகற்றிவிட்டு அயல் இதயத்தை ஒட்டினால், கன்னி அணுக்கள் கிளர்ந்தெழ இடமின்மையால் ஒட்டு நிலைத்துவிடுகிறது. ஆனால், அத்தகைய எலிக்கு நினைவணுக்களைச் செலுத்தினால் ஒட்டு தள்ளப்படுகிறது. 2002-இல் வெளிவந்த இம்முடிவு, நினைவணு தன் பாடத்தை மறுபடி படிக்கப் பள்ளிக்கூடம் போவதில்லை என்பதைத் தெளிவாக்கிற்று.

பிறகு அது எங்கே விழித்துக்கொள்கிறது? ஒட்டின் வாயிலிலேயே! கொடுத்தவர் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகம் சில மணி நேரம் இரத்தமின்றிப் பனிக்கட்டியின் குளிர்ச்சியில் இருக்கிறது. பெற்றவர் உடலில் இணைத்துக் குருதியைத் திறந்துவிட்டதும், நெடுநேரம் வறண்டு கிடந்த இரத்தக் குழாய்களின் உட்சுவர் தாக்குண்டு, ஆபத்துக் குறிகளான வேதிப்பொருள்களை வெளிவிடுகிறது. குருதியோடு வரும் நினைவணு அக்குறிகளால் ஈர்க்கப்பட்டுச் சுவரில் ஒட்டுகிறது. அந்தச் சுவரணுக்களின் மேலேயே தான் முன்பு கண்ட எச்.எல்.ஏ.வைக் காண்கிறது. அவ்வளவுதான். இதய ஒட்டு வைத்த எலிகளில் ஒரே நாளுக்குள் நினைவணுக்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. புகுந்தவை இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அது சுவரணுக்களை மேலும் மேலும் தம் எச்.எல்.ஏ.வைக் காட்டச் செய்கிறது. வேறு வெள்ளையணுக்களையும் அழைக்கிறது. உறுப்பு குளிரில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க மருத்துவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

"வாழ்வில் முதன்முறையாக உறுப்புப் பெறுபவருக்கு இந்த நினைவு எங்கிருந்து வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. குருதி ஏற்றிக்கொண்டால் வரலாம். ஏற்றிய குருதியில் கொடையாளரின் வெள்ளையணுக்களும் இருந்திருக்கக் கூடும். கருவுற்றாலும் வரலாம். குழந்தையின் எச்.எல்.ஏ.வில் பாதி தந்தையுடையது. கருப்பையில் பத்து மாதம் அதைப் பொறுத்துத் தாங்கும் தாயின் உடல், சில வேளைகளில் அதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. கணவர் தம்முடையதைத் தர முன்வருகிறார். சோதித்துப் பார்த்தால், கூடாது என்று முடிவு வருகிறது. அவர் பெற்ற பிள்ளையைச் சுமந்த உடம்பே அவர் தரும் கொடையை மறுக்கிறது! அதே வீட்டில் கணவருக்கு நோய் வந்து மனைவி கொடுப்பதானால் இந்தத் தடை இல்லை. இயற்கையின் ஏற்பாட்டில் இதைக் காட்டிலும் கொடிய ஓரவஞ்சனையை நான் அறியேன்.

இன்னும் ஒரு வழி உண்டு, அது விந்தையானது. குருதியும் ஏற்றாமல், கருவும் தரிக்காமல் உள்ளவரிடமும் அயல் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான நினைவணுக்கள் காணப்படுகின்றன. அவை பழைய நோய்களின் மிச்சம். எப்ஸ்டீன்-பார் என்னும் வைரசு வளர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு காலத்தில் தொற்றியிருக்கும். பி-8 என்ற எச்.எல்.ஏ. வகை உடையவர்களிடம் அவ்வைரசை எதிர்த்து எழும் நினைவணுக்களுள் சில, பி-44 என்ற வகையை உடைய அயலாரின் அணுக்களையும் தாக்குகின்றன. வைரசின் துணுக்கை ஏந்திய தன் புரதமும், அயலாரின் புரதமும் அந்த அணுவின் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுகின்றன. சாதாரண நோய்க்கிருமி ஒன்றை அடையாளம் காணும் கன்னி அணுக்கள் இலட்சத்தில் ஒன்றோ, அதற்கும் குறைவோ இருக்கும், அயல் எச்.எல்.ஏ.வைக் கண்டு கிளரக் கூடிய டி அணுக்களோ நூற்றுக்கு 1 முதல் 10 வரை உண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் பழைய போர்களைக் கண்ட சிலரும் கலந்திருப்பது வியப்பில்லை. சோதனைக் கூடத்தில் கிருமியின்றி வளர்க்கும் எலிகளில் எளிதாக வென்ற மருந்துகள் மனிதரிடம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். எலிக்குக் கடந்தகாலம் இல்லை, நமக்கு உண்டு.

அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு சான்று கூறுகிறேன். இரண்டாம் சாவியை மறித்துவிட்டால் டி அணு எழாது என்ற எண்ணத்தில் பெலட்டாசெப்ட் என்னும் மருந்தை உருவாக்கினார்கள். 2011-இல் அமெரிக்காவில் அது பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது. சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காப்பதில் அது பழைய சைக்ளோஸ்போரினை விஞ்சியது. ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது நோயாளிகள் பிழைத்திருப்பதிலும் நல்ல பயன் தெரிந்தது. ஆயினும் முதல் ஆண்டில் ஒட்டைத் தள்ளும் நிகழ்ச்சிகள் சைக்ளோஸ்போரினைக் காட்டிலும் மிகுதியாக இருந்தன. இரண்டாம் சாவி இல்லாமலே பெட்டகத்தைத் திறக்கவல்ல நினைவணுக்களை அம்மருந்து தடுக்க இயலாததே இதற்கு முக்கிய காரணம் என்று கருதுகிறார்கள். எல்லா டி அணுக்களையும் ஒருங்கே அழித்துவிடலாம் என்றாலோ, அதிலும் நினைவணுக்களே மிகுதியாகத் தப்புகின்றன. காலியான இடத்தை நிரப்பத் தாமே பெருகவும் செய்கின்றன.

பி அணுக்களின் நினைவு இதனினும் உடனடி ஆபத்து உடையது. அவற்றின் வழிவந்த சில அணுக்கள் எலும்பு மச்சையில் தங்கி ஆண்டுக் கணக்காக எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். அது குருதியில் ஆயத்தமாக இருந்தால், ஒட்டு சில நிமிடங்களிலோ மணிகளிலோ அழிந்துவிடும். 1969-இல் பட்டேலும் டெரசாகியும் ஒரு கணக்கை வெளியிட்டனர். கொடுப்பவரின் அணுக்களோடு பெறுபவரின் தெளிநீரைக் கலந்து பார்த்தபோது, அணுக்கள் மடிந்த நேர்வுகள் 30. அவற்றுள் 24 சிறுநீரகங்கள் உடனே பாழாயின. மடியாத 195 நேர்வுகளில் பாழானவை 8 மட்டுமே. அன்று முதல் இச்சோதனையைச் செய்யாமல் சிறுநீரகம் பொருத்துவது முறையன்று என்று ஆயிற்று.

எதிர்ப்பொருளை வெட்டிவிடும் நொதி ஒன்றும் இன்று உண்டு. இம்லிஃபிடேஸ் என்பது அதன் பெயர். தொண்டைப் புண் உண்டாக்கும் ஒரு கிருமியிடமிருந்து கற்றுக்கொண்ட வித்தை. சில மணி நேரத்தில் குருதியைச் சுத்தமாக்கிவிடும். 2020-இல் ஐரோப்பாவில் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. ஆனால் நினைவு அழிவதில்லை; சில நாட்களிலோ வாரங்களிலோ எதிர்ப்பொருள் திரும்பி வருகிறது. கிடைத்த இடைவெளியில் உறுப்பைப் பொருத்திவிட்டுப் பின்னர் எழும் எதிர்ப்பை அடக்க வேண்டும். இதனினும் எளிய வழி, இரண்டு குடும்பங்கள் மாற்றிக் கொடுத்துக்கொள்வது. இவர் கணவரின் சிறுநீரகம் அவருக்கு, அவர் கணவரின் சிறுநீரகம் இவருக்கு. நம் நாட்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் செய்த திருத்தம் நெருங்கிய உறவினர்களிடையே இதற்கு இடம் தந்தது. நொதியைக் காட்டிலும் இந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை மிகுதி. நினைவோடு போராடாமல் அதற்கு வழிவிட்டு விலகிப் போகிறது அல்லவா?

சோதனைக் குழாயில் தெரிவது எதிர்ப்பொருள் மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளில் அதன் அளவு தேய்ந்து தேய்ந்து தென்படாமலே போகலாம். சோதனை தடையில்லை என்று சொல்லும். நினைவணுக்களோ எங்கோ உறங்கிக்கொண்டிருக்கும்; புதிய உறுப்பு வந்து தட்டியதும் எழுந்துவிடும். வழக்கமான சோதனைக்கு அவை அகப்படுவதில்லை. ஆகவே உறுப்பு மாற்றுப் பிரிவில் மருத்துவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நோயாளியின் அருகே அமர்ந்து கேட்கிறார்: "அம்மா, உங்களுக்கு எப்பொழுதாவது இரத்தம் ஏற்றினார்களா? எத்தனை முறை கருவுற்றீர்கள்? கலைந்துபோனவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்." வீட்டில் எவரிடமும் பேசாமல் விட்ட ஒன்றை அந்த அம்மையார் அப்பொழுது நினைவுகூர்ந்து சொல்கிறார், மருத்துவர் அதைத் தாளில் குறித்துக்கொள்கிறார்.